ஐஸ் ரூமில் குங்குமப்பூ

மீன் சாப்பிடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லித்தான் என் முதலாளி என்னை ஒரு மீனவக் குப்பத்துக்கு அனுப்பினார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. துபாயில் அவர் நடத்தும் குங்குமப்பூக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, வருகிற சரக்கை முகர்ந்து தரம் பிரிப்பது என் வேலை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். என்னிடம் இருக்கும் ஒரே சான்றிதழ் என் மூக்கு. அதில் மீன் வாசனை ஏறிவிட்டால் ஒரு வாரத்துக்கு உதவாது என்பது அவர் நம்பிக்கை. அவர் ஈரான்காரர். திட்டுவதற்குப் பாரசீகம், வேலை சொல்வதற்கு இந்தி.

இந்தப் பயணத்துக்குக் காரணம் மூர்த்தி. எங்கள் கடையில் மூட்டை இறக்குகிறவன். பழவேற்காட்டு ஏரிக்கரைக்காரன். ஒரு நாள் முதலாளியிடம் கைப்பேசியில் ஒரு வீடியோ காட்டினான். அவனுடைய சின்னம்மா தேசம்மா, ஊரில் மூடிக் கிடந்த ஐஸ் ரூமில் இறால் கிரேட்டுகளை அடுக்கி, அவற்றில் குங்குமப்பூக் கிழங்குகளைப் பரப்பி வைத்திருந்தாள். பூ வந்தால் நம் கடையில் வாங்குவீர்களா என்று கேட்டான். முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்தினார். "கடலோரத்துக் குங்குமப்பூ. இந்தத் தெருவில் யாரிடமும் இல்லை" என்றார்.

அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குத் தெரியும். என் கூச்சத்தையும் அவர் ஒரு தகுதியாக எடுத்துக்கொண்டார். "வாயே திறக்காதவனிடம் யாரும் விலை ஏற்ற முடியாது. போ. பார், முகர், கொஞ்சம் மாதிரி வாங்கி வா. மீன் மட்டும் சாப்பிடாதே."

நான் பட்டுக்கோட்டைப் பக்கத்து வயல்காட்டுக்காரன். தமிழ்நாட்டின் வடக்கு மூலையை விமானத்தின் ஜன்னலிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். மேலிருந்து பார்க்க அது நிறையத் தண்ணீராகவும் கொஞ்சம் மண்ணாகவும் இருக்கும். கீழே வந்து பார்த்தாலும் அப்படித்தான்.

பஸ்ஸில் என் கூச்சம் முதல் வேலையைக் காட்டியது. "இறங்கணும்" என்று சத்தம் போட வெட்கப்பட்டு, வேறு யாராவது இறங்கினால் பின்னாலேயே இறங்கிவிடலாம் என்று காத்திருந்தேன். யாரும் இறங்கவில்லை. எளாவூர் சோதனைச் சாவடிக்குப் பக்கத்தில்தான் பஸ் நின்றது. இன்னும் கொஞ்சம் வெட்கப்பட்டிருந்தால் ஆந்திரா.

அங்கே ஒரு டீக்கடை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கடையிலிருந்து கொண்டுவந்த குங்குமப்பூ டப்பாவின் மூடி தளர்ந்திருக்கிறதா என்று திறந்து பார்த்தேன். செய்யக் கூடாத காரியம். பக்கத்து பெஞ்சில் ஒரு கணவனும் மனைவியும் தெலுங்கில் ஆரம்பித்தார்கள். டீக்கடைக்காரர் நான் கேட்காமலேயே எனக்கு மொழிபெயர்த்தார்.

"மருமகளுக்கு ரெண்டு இழை கேளுங்கள். குழந்தை சிவப்பாகப் பிறக்கும்" என்கிறாள் மனைவி.

"நீ மாதக்கணக்கில் பாலில் போட்டுக் குடித்தாயே. குடித்துப் பெற்றது அதோ நிற்கிறது" என்கிறார் கணவர். அதோ நின்று டீக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்த மகன் என்னைவிட இரண்டு மடங்கு கறுப்பு. நல்ல களையான முகம்.

என் அம்மாவும் குடித்தவள்தான். என்னைப் பார்த்த பிறகு அவள் அந்தக் கடைக்காரர் மேல் வழக்கே போட்டிருக்கலாம். இருந்தாலும் இரண்டு இழை கொடுத்தேன். மறுத்துப் பேசுவதைவிடக் கொடுப்பது சுலபம்.

சுண்ணாம்புக்குளம் போகிற ஷேர் ஆட்டோவில் எனக்கு இடம் கிடைத்தது. எனக்கு முன்பே நண்டுக் கூடைகளுக்குக் கிடைத்திருந்தது. கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டேன். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார்.

"இன்னா சார், பொணத்துக்கா போற? மூக்கப் பொத்திக்கினு வர்ற?"

மூக்குதான் என் தொழில் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் ஒரு நண்டு கூடையை விட்டு வெளியே வந்து என் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டது. அது விடவில்லை, நானும் சத்தம் போடவில்லை. இறங்கும்போது பின்னால் இருந்த அம்மாள்தான் பார்த்துப் பிடுங்கினாள். "வலிக்கலியா நைனா? சொல்லக் கூடாதா?" என்றாள். வலித்தது.

தேசம்மாவின் குப்பம் சுண்ணாம்புக்குளத்தைத் தாண்டி ஏரியோரமாக இருக்கிறது. பெயரைப் போட வேண்டாம் என்று ஊர்த் தலைவர் ஏகாம்பரம் கேட்டுக்கொண்டார். நல்ல விலை கிடைத்தால் மட்டும் போடலாமாம்.

நான் போனபோது தேசம்மா ஏரிக்குள் இடுப்பளவு தண்ணீரில் இருந்தாள். இந்தப் பக்கத்துப் பெண்கள் இறாலைக் கையாலேயே பிடிக்கிறார்கள். சேற்றைத் துழாவி, விரல் நுனியில் துள்ளுவதை நசுங்காமல் பிடித்து, கழுத்தில் கட்டிய ஓலைப் பறிக்குள் போடுகிறார்கள். என்னைப் பார்த்ததும் அவள் கரையேறி, நனைந்த புடவையோடே பேச ஆரம்பித்தாள். நாற்பது வயதைத் தாண்டியவள். கணவன் இல்லை. கல்யாணமான இரண்டு பெண்கள் வெளியூரில்.

"மூர்த்தி அனுப்பிச்ச ஆளா நீ? வாண்ணா. சாப்டியா?"

மீன் சாப்பிடக் கூடாது என்ற முதலாளியின் உத்தரவைச் சொன்னேன். நான் சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவள் நண்டுக் குழம்பு ஊற்றினாள். சாப்பிட்டேன். இரண்டாவது தடவையும் ஊற்றினாள். துபாயில் பனிக்கட்டியில் கிடந்து தன் ஊரையே மறந்துபோன நண்டைத்தான் நான் பார்த்திருக்கிறேன். என் மூக்கு முதல் நாளே போனது.

மறுநாள் காலை ஐஸ் ரூமைப் பார்த்தேன். இறால் வியாபாரி ஒருவர் விட்டுப்போன ஊர்ப் பொதுக் கட்டடம் அது. சுவரில் இரண்டு ஏசி. தரையிலிருந்து கூரை வரை நீல நிறக் கிரேட்டுகள். ஒவ்வொன்றிலும் சின்ன வெங்காயத்தைவிடக் கொஞ்சம் பெரிய கிழங்குகள். மண் கிடையாது, தண்ணீர் கிடையாது. குங்குமப்பூக் கிழங்கு அப்படித்தான். பூக்கும் வரை அது எதையும் கேட்காது. வேண்டியதெல்லாம் இருட்டு, ஈரக்காற்று, மாறாத குளிர். ஒவ்வொரு கிழங்கிலும் கோழிக்குஞ்சின் அலகு மாதிரி வெள்ளை முளை நீட்டிக்கொண்டிருந்தது.

நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பூத்திருக்க வேண்டியவை பூக்கவில்லை. ஐப்பசி பாதி போய்விட்டது. காரணம் என்னவென்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஏசி "பீப்" என்றது. காற்று நின்றது. திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் இடுக்கில் ஒரு கை, கையில் ஒரு ரிமோட். கை மறைந்ததும் இன்னொரு "பீப்". இது எதிர்ச் சுவர் ஓட்டையிலிருந்து. காற்று மறுபடி வந்தது.

தேசம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "பாத்தியாண்ணா? நாள் முச்சூடும் இதே பேஜாரு."

அவள் விளக்கிய பிறகுதான் புரிந்தது. இந்த ஏரியில் மீன் நன்றாக விழும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே சமயத்தில் வலை விரித்தால் மண்டைதான் உடையும். அதனால் குடத்தில் சீட்டுப் போட்டு எடுத்து, வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்திருக்கிறார்கள். இந்த முறைக்குப் பெயர் பாடு. உன் பாடு வந்த நாளில் வலை கிழியக் கிழிய விழுந்தாலும் உனக்கு, வெறும் பாசி வந்தாலும் உனக்கு. அடுத்தவன் கேட்க முடியாது. அருமையான ஏற்பாடு. தண்ணீரில்.

ஐஸ் ரூம் ஊர்ச் சொத்து என்பதால், அதில் விளைவதும் பாடு முறைப்படிதான் என்று ஊர் தீர்மானித்துவிட்டது. விடிந்ததிலிருந்து மறுநாள் விடியும் வரை ஒரு வீட்டின் பாடு. அன்று எத்தனை பூ மலர்கிறதோ அத்தனையும் அந்த வீட்டுக்கு. ஆகவே இன்றைய முறைக்காரர் பூ இன்றே வரட்டும் என்று குளிரைக் கூட்டுகிறார். நாளைய முறைக்காரர் இன்று வந்துவிடக் கூடாதே என்று குறைக்கிறார். கும்மிடிப்பூண்டியில் ரிமோட் தனியாக விற்கிறார்களாம். எல்லா வீட்டிலும் ஒன்று இருந்தது. டிவி இல்லாத வீட்டில்கூட இருந்தது.

"இதுல உனக்கு எந்த நாள்?" என்று கேட்டேன்.

"எனக்கேது? கெழங்கு என்னுது. என் தம்பி காஷ்மீர்லேர்ந்து ஆப்பிள் லாரியில ஏத்தி அனுப்பிச்சான். அடுக்கினது நானு, அழுகினதப் பொறுக்கினது நானு. குடத்துல சீட்டுப் போடறப்போ என் பேரு மட்டும் இல்ல. பாடு தலைக்கட்டுக்குத்தானாம். தலைக்கட்டுன்னா கண்ணாலமான ஆம்பளையாம். என் வூட்டுக்காரு செத்தாரு, தலையும் போச்சி, கட்டும் போச்சி."

"மூர்த்தியிடம் சொல்லி, முதலாளி மூலமாக உனக்குத் தனியாக ஏதாவது..."

"அதெல்லாம் வோணாம். நீ ஒண்ணே ஒண்ணு பண்ணு. பூ நல்லா கீதுன்னு ஏகாம்பரத்துகிட்ட சொல்லு. நல்லா இருந்தாதான் எனக்கு மரியாத. இல்லாங்காட்டி ரூமத் தொறந்து ஐஸ் கம்பெனிக்காரனுக்கு வுட்டுடுவாங்க. எனக்குப் பூவு அப்புறம். என் பேரு அந்தக் குடத்துல வுழணும்."

ஊர்த் தலைவர் ஏகாம்பரத்தை வலை காயும் இடத்தில் பார்த்தேன். குளிர் ஒரே அளவில் இருந்தால்தான் பூக்கும் என்று சொன்னேன். "இன்னா?" என்றார். மறுபடி சொன்னேன். "இன்னா சொல்றாரு இவுரு?" என்று பக்கத்தில் கேட்டார். தேசம்மா பின்னாலிருந்து ஏரிக்கு அக்கரை வரை கேட்கிற மாதிரி கத்தினாள்: "ரிமோட்ட நோண்டாதீங்கன்றாரு!"

கூட்டம் கூடியது. யாருமே ரிமோட்டைத் தொட்டதில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். கோவிந்தன் என்பவர் தன் பேத்தி தலையில் சத்தியம் செய்தபோது அவர் சட்டைப் பையில் ரிமோட்டின் சிவப்பு விளக்கு எரிந்தது. கடைசியில் ஏகாம்பரம் தீர்ப்புச் சொன்னார். "கொஞ்ச நாளைக்கு யாருக்கும் பாடு கெடையாது. ரூமப் பூட்டு. துபாய்க்காரருக்கு இங்க சொந்தமும் இல்ல, பகையும் இல்ல, வாயும் இல்ல. சாவி அவருகிட்ட இருக்கட்டும்."

ரிமோட்டுகளை ஒரு நண்டுக் கூடையில் வாங்கினார்கள். கூடை நிறைந்தது. நான் ஏசியைப் பதினேழு டிகிரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்த மரியாதையை என் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை. ஒரு வீட்டில் மடவை மீன், ஒரு வீட்டில் சுறாப் புட்டு, ஒரு வீட்டில் இறால் தொக்கு. எதையும் மறுக்க எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொருவரும் பரிமாறிவிட்டு, "பாடு மறுபடி ஆரம்பிச்சா மொத நாளு யாருது?" என்று கேட்டார்கள். எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்பதை அடக்கமாகச் சொன்னேன். அதை அவர்கள் ராஜதந்திரம் என்று எடுத்துக்கொண்டு இன்னொரு துண்டு வைத்தார்கள்.

ஒரு நாள் படகில் பழவேற்காட்டுக்குப் போனேன். பாதி வழியில் படகு சேற்றில் தட்டி நின்றது. ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும் என்றார்கள். நான் இறங்கினேன், மார்பளவு அமிழ்ந்தேன். "ஐயோ, பத்திரம், பத்திரம்!" என்று படகே அலறியது. நெகிழ்ந்துபோனேன். பிறகுதான் தெரிந்தது, அவர்கள் சாவியைச் சொல்லியிருக்கிறார்கள்.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தேன். வாசலிலேயே கல்லில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே எதிர்பார்க்க வேண்டியதை வெளியிலேயே காட்டிவிடும் நேர்மை. எங்கள் வியாபாரத்தில் அது கிடையாது. முதலாளி ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் சரித்திரம் சொல்வார். ரோமாபுரியில் நாடகக் கொட்டகையில் குங்குமப்பூத் தண்ணீர் தெளித்தார்களாம். பெரிய பெரிய ராஜாக்கள் அதில் குளித்தார்களாம். துணிக்குச் சாயம், துக்கத்துக்கு மருந்து, படுக்கைக்கு வாசனை. ஜெர்மனியில் ஒரு ஊரில் கலப்படம் செய்தவர்களைச் சரக்கோடு சேர்த்துக் கொளுத்தினார்களாம். இதைச் சொல்லும்போது அவர் குரல் உயரும். பின்னறையில் நாங்கள் போன வருஷத்துச் சரக்கை இந்த வருஷத்துச் சரக்கோடு கலந்துகொண்டிருப்போம்.

மதியம் ஒரு ஓட்டல். பலகையில் "குங்குமப்பூ பிரியாணி" என்று எழுதியிருந்தது. மீன் இல்லாத உணவு என்று சந்தோஷமாக உட்கார்ந்தேன். சோறு ஆரஞ்சுப் பழ நிறத்தில் வந்தது. உண்மையான குங்குமப்பூ மெதுவாகத்தான் நிறம் விடும், அதுவும் மஞ்சளாக. இது என் விரலையே சிவப்பாக்கிவிட்டது. சமையல்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார். "சோக்கா கீதா பாய்?" என்றார். பூ எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். ஒரு பொடிப் பொட்டலத்தைக் காட்டினார். "பாக்கெட் மேல பூப் படம் போட்ருக்கான் பாருங்க" என்றார். போட்டிருந்தது. செம்பருத்தி. பிரியாணி ருசியாகவே இருந்தது.

கதவைத் திறக்கக் கூடாது என்று எனக்கே உத்தரவு போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு விடியற்காலையில் மழை விட்ட பிறகு, அதற்கு மேல் பொறுக்க முடியாமல் திறந்தேன். இருட்டுக்குள் டார்ச் அடித்தேன். கிரேட்டுக்குக் கிரேட்டு, வரிசைக்கு வரிசை ஊதா நிறம். எல்லாம் ஒரே நாளில் வந்திருந்தன. ஒவ்வொரு பூவுக்குள்ளும் மூன்று சிவப்பு இழைகள். இருபது வருஷமாக நான் காய்ந்த இழையைத்தான் முகர்ந்திருக்கிறேன். பூவோடு பார்த்தது அதுதான் முதல் முறை. குனிந்து முகர்ந்தேன். இறால் தொக்கு வாசனை வந்தது. பூவுடையதா, என் மூக்குடையதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஊரே வாசலில் நின்றது. ஐந்து நிமிஷம் சந்தோஷம். பிறகு கோவிந்தன் கேட்டார்: "இது யாரு பாடு?"

யாரும் அதை யோசித்திருக்கவில்லை. பாடு நிறுத்தப்பட்ட நாட்களில் பூ வந்துவிட்டது. நிறுத்தின அன்று தனக்குத்தான் பாடு என்றார் கோவிந்தன். மறுநாள் முறைக்காரர், தனக்குத்தான் என்றார். சாவி வைத்திருந்தவனுக்குத்தான் பாடு என்று ஒரு குரல் வந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் சுறாப் புட்டின் அன்பு கொஞ்சமும் இல்லை. நான் சாவியைக் கழற்றிப் பக்கத்தில் இருந்த ஆணியில் மாட்டிவிட்டு இரண்டு அடி தள்ளி நின்றேன்.

"அத அப்புறம் பேசிக்கலாம். மொதல்ல எடுங்கய்யா" என்றார் ஏகாம்பரம்.

ஆண்கள் உள்ளே போனார்கள். வடக் கயிறு இழுத்து இழுத்து மரமாகிப்போன கைகள். ஒருவர் பூவைக் கிள்ளினார், கிழங்கோடு வந்தது. ஒருவர் இழையை உருவினார், பொடியாகி விரலில் ஒட்டிக்கொண்டது. கோவிந்தன் ஒரு பூவை நெற்றிக்கு நேரே பிடித்துக்கொண்டு ஒற்றைக் கண்ணால் பார்த்தபடி அப்படியே நின்றார்.

"பொம்பளைங்களக் கூப்புடுங்க" என்றார் ஏகாம்பரம்.

பெண்கள் வரவில்லை. கட்டடத்துக்கு வெளியே, கவிழ்த்த படகின் பக்கத்தில் தேசம்மா உட்கார்ந்திருந்தாள். மற்ற பெண்களும் உட்கார்ந்தார்கள். பறிகள் மடியில் இருந்தன.

"இன்னா தேசம்மா, டைம் ஆவுது, வா."

"எங்களுக்குத்தான் தலையே இல்லியே. கை மட்டும் எதுக்கு?"

"ஏம்மே, நம்ம ஊர்ப் பூவு வாடுது, வெளயாடிக்கினு கீற?"

"வாடட்டும். யாரு பாட்டுல வாடுதோ அவுங்க அழுவட்டும்." பெண்கள் சிரித்தார்கள். ஏகாம்பரத்தின் மனைவிதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

ஏகாம்பரம் என்னிடம் வந்தார். "துபாய்க்காரரே, எவ்ளோ நேரம் தாங்கும்?"

குளிரான, இருட்டான அறையில் பறிக்காத பூ அன்று முழுக்கத் தாங்கும். ஏசி ஓடினால் மறுநாள் காலை வரைகூட விட்டுவைக்கலாம். இதை நான் சொல்லியிருக்க வேண்டும். படகுப் பக்கம் பார்த்தேன். தேசம்மா என்னைப் பார்க்கவே இல்லை. தன் விரல் நகத்துச் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"வெயில் ஏறுறதுக்குள்ள எடுக்கணும்" என்றேன்.

"ரூமுக்குள்ள இன்னா வெயிலு?"

"வெளியே ஏறினா அதுக்குத் தெரிஞ்சுடும்."

என் வாழ்க்கையில் நான் சத்தமாகச் சொன்ன ஒரே தொழில்நுட்பக் கருத்து இதுதான். எல்லாருக்கும் கேட்டது. எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். மேகம் விலகிக்கொண்டிருந்தது.

"சரி, இந்த ஒரு தபா ஒனக்கு ஒரு நாளு வுடறோம்" என்றார் ஏகாம்பரம்.

"ஒரு தபா வோணாம். என் பேரு குடத்துல வுழணும். வருஷா வருஷம்."

"வழக்கம் இன்னா ஆவறது?"

"நீயே சொல்லு."

ஏகாம்பரம் கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்தார், பிறகு ஐஸ் ரூமைப் பார்த்தார், பிறகு மறுபடி வானத்தைப் பார்த்தார். ஒரு தலைவருக்கு வழக்கமும் கெடாமல் பூவும் கெடாமல் ஒரு வாக்கியம் தேவைப்பட்டது. கிடைத்தது. "வழக்கம் தண்ணிக்குத்தான். ரூமுல தண்ணி இல்ல. அதனால ரூமுக்கு வழக்கம் வேற."

"இதத்தான் நான் ஆடி மாசத்துலேர்ந்து சொல்றேன்" என்றாள் தேசம்மா, எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு.

சேற்றுக்குள் கண்ணால் பார்க்காமல் இறாலைப் பிடிக்கிற விரல்களுக்கு இது விளையாட்டு. பூவை இடது கையில் வாங்கி, வலது கையால் ஒரு இழுப்பு. மூன்று இழையும் ஒன்றாக வந்தது. பேச்சு நிற்கவே இல்லை. யார் மருமகள் எப்போது கோபித்துக்கொண்டு போனாள் என்ற கதையெல்லாம் அங்கேதான் தெரிந்துகொண்டேன். ஒரு கிராமுக்கு நூற்றைம்பது பூவாவது வேண்டும் என்று நான் சொன்னபோது மட்டும் கைகள் நின்றன. "அய்ய, இத்தினிக்குத்தானா இந்த ரகள?" என்றாள் ஏகாம்பரத்தின் மனைவி.

அன்றைய பூ யாருக்கு என்று அங்கேயே சீட்டுக் குலுக்கினார்கள். குடத்துக்குள் தேசம்மாவின் பெயரும் விழுந்தது. அதை அவளே மடித்துப் போட்டாள். போடுவதற்கு முன் பிரித்து என்னிடம் காட்டி, எழுத்து சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். சரியாக இருந்தது.

அன்றைய பாடு கோவிந்தனுக்கு விழுந்தது. சட்டைப் பையில் ரிமோட் வைத்துக்கொண்டு சத்தியம் செய்த அதே கோவிந்தனுக்கு. அவர் கண்ணை மூடிக் கும்பிட்டார். சாமிக்கு ஆள் அடையாளம் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். தேசம்மாவுக்கு மறுநாள். மொத்தமும் ஒரே நாளில் பூத்த பிறகு வருகிற மறுநாள்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. அவள் காதருகே போய், "கேட்டு மாத்திக்கலாமே" என்றேன்.

"ஏன்? பாடுன்னா அதான்ணா. வுழுந்தது வுழுந்ததுதான்" என்றாள். கோபமே இல்லை. கோவிந்தனின் பூவில் பாதியை அவள்தான் உரித்துக் கொடுத்தாள்.

மறுநாள் விடிந்ததும் ஏகாம்பரம் சாவியை அவளிடம் கொடுத்தார். அவள் குளித்து, பூ வைத்து, கிளம்பி வந்திருந்தாள். கதவைத் திறந்தாள். தாமதமாக விழித்த சில கிழங்குகளில் பூ இருந்தது. மொத்தம் ஒரு கைப்பிடி. அவள் யாரையும் உள்ளே விடவில்லை. தானே எடுத்தாள், தானே உரித்தாள், ஒரு வெள்ளைத் தட்டில் பரப்பினாள். ஊர்ப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், பிறந்த குழந்தையைப் பார்ப்பது போல.

நான் கிளம்பும்போது இரண்டு பொட்டலங்கள் கொடுத்தார்கள். கோவிந்தனுடையது தடிமன். தேசம்மாவுடையது, உள்ளே எதுவும் இருக்கிறதா என்று சந்தேகப்படும் அளவு.

"ஒண்ணாக் கலந்துடாதண்ணா" என்றாள். "இது வேற பாடு."

கடையில் முதலாளி இரண்டையும் பிரித்து முகர்ந்தார். வெகுநேரம் முகர்ந்தார். பிறகு என்னை முகர்ந்தார். "நீ மீன் சாப்பிட்டாய்" என்றார். நான் தலையைக் குனிந்தேன். மறுபடி பூவை முகர்ந்துவிட்டு, "இதுவும் சாப்பிட்டிருக்கிறது" என்றார். திட்டு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வியாபாரி அல்லவா! மாலைக்குள் கோவிந்தனின் பூ கண்ணாடிப் பெட்டியில் ஏறிவிட்டது. பழங்காலத் துறைமுகத்திலிருந்து வருவது, கடல் காற்றை இயற்கையாகவே உறிஞ்சி வளர்ந்தது, ராஜாக்கள் மட்டுமே தொட்டது என்று ஒரு வாடிக்கையாளருக்கு அவர் சொல்வது பின்னறை வரை கேட்டது. விலை மற்றதைவிட அதிகம்.

சின்னப் பொட்டலத்தை எடுத்து அதோடு கொட்டப் போனார்.

"வேண்டாம்" என்றேன்.

இருபது வருஷத்தில் நான் அவரிடம் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. ஏன் என்று கேட்டார். பாடு என்றால் என்ன என்று இந்தியில் விளக்க முயன்றேன். ஏரி, வலை, குடம், சீட்டு என்று கையை ஆட்டினேன். அவர் அலமாரியிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்து, என் பக்கம் தள்ளினார். மேலே ஏதாவது எழுது என்றார். "தேசம்மா பாடு" என்று தமிழில் எழுதி ஒட்டினேன். இந்தத் தெருவில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் நானும் மூர்த்தியும்தான். அது அங்கேயே இருக்கிறது. நான் தினமும் துடைக்கிறேன்.

நேற்று மூர்த்தி ஊருக்கு போன் பேசிவிட்டு வந்தான். இந்த வருஷக் கிழங்கு முளைவிட்டுவிட்டதாம். ஐஸ் ரூமுக்குக் குடத்தில் சீட்டும் எடுத்தாகிவிட்டதாம்.

"சின்னம்மாவுக்கு எந்த நாள்?" என்று கேட்டேன்.

"நடுவுல வுழுந்திருக்குதாம்ணே. நல்ல நாளாம்" என்றான் மூர்த்தி. "காலையிலேயே கும்மிடிப்பூண்டிக்குப் போய் ஒரு ரிமோட் வாங்கிக்கினு வந்துட்டாங்களாம்."